ஒன்பதடித் தூணும் அரையடிப் பலகையும்

1

“என்ற அம்மாளைப் பலகை இல்லாம, வெறுங்கல்லு மேல நிக்க வெச்சு ஒரு படம் எடுக்கோணுங்க.”

இதை மட்டும் எவரிடமும் கேட்டுவிடாதே என்று சின்னாயி தன் மகள் சௌந்திரத்திடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். மகள் கேட்டுவிட்டாள். ஊமைக்கரடு என்னும் பாறைக்குன்றின் அடிவாரத்தில், தேவஸ்தானச் சாவடியில், பட்டப்பகலில், சத்தமாக.

கதை இங்கேதான் தொடங்குகிறது. என்ன பலகை, எந்தக் கல் என்பதெல்லாம் பின்னால் வரும். அதற்குமுன் இது எனக்கு எங்கே கிடைத்தது என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கனவில் வந்தது, யாரோ ஒரு முதியவர் சொன்னார் என்றெல்லாம் அளக்க எனக்குத் தெரியாது.

போன மாதம் நாமக்கல் பக்கம் ஒரு பழைய கோயிலுக்குப் போயிருந்தேன். (ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் வேலை போவது அந்தக் காவலாளிக்குத்தான். விதிப்பலகை எழுதியவருக்கு இல்லை.) வாசலில் படம் எடுப்பதற்கான விதிகள் பதினொன்று. அதில் ஐந்து வெயிலில் உதிர்ந்திருந்தன. நான் செல்போனை எடுத்ததும் காவலாளி வந்தார்.

“அம்மிணி, தூணை எடுத்துக்குங்க. ஆளு மட்டும் நிக்கக் கூடாதுங்க.”

“ஆளு நின்னா தூணுக்கு என்னங்க ஆகும்?”

“தூணுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. ஆளு நின்னா அப்பறம் அது ஆளு படமாயிருமில்லீங்க.”

அவருக்குப் பின்னாலேயே ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் யாளியின் வாயில் கையை விட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு விளக்குகள், இரண்டு வெள்ளைக் குடைகள், தலைக்கு மேலே பறக்கும் கேமரா. “அவுங்க பர்மிசன் வாங்கீருக்கறாங்க” என்றார் காவலாளி. நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வேறொன்று தோன்றியது. ஒரு காலத்தில் விதி நேர் எதிராக இருந்தது. ஆள் நின்றே ஆக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துப் படங்களைப் பாருங்கள்: இடிந்த கோபுரம், சாய்ந்த தூண், உடைந்த நந்தி, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஓர் உடம்பு நிற்கும். உயரம் காட்டுவதற்கு. படத்துக்குக் கீழே தூணின் பெயர் இருக்கும், தூணின் உயரம் இருக்கும். நின்றவருக்கு ஓர் எழுத்துக்கூட இருக்காது.

மற்றதெல்லாம் நான் கட்டியது. கரடு பொய், கோயில் பொய், தர்மகர்த்தா பொய். கோபம் மட்டும் சொந்தச் சரக்கு.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “1941ஆம் வருஷம் மாசி மாதம், மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, ஊமைக்கரட்டின் உச்சியில் தென்றல் தவழ்ந்து”

இல்லை. மாசியில் அந்தக் கரட்டில் தென்றல் தவழாது. பாறை சுடும், எருக்கஞ்செடி கருகும், அவ்வளவுதான்.

இரண்டாவது: “சௌந்திரம் அடக்கமே உருவான”

இதையும் அடித்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

மூன்றாவது தொடக்கத்தைத்தான் நீங்கள் மேலே படித்தீர்கள். அதையும் கதையின் மீதிக் குறிப்பையும் படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், “1941இல், ஊருக்கு வெளியே இருக்கும் வளவிலிருந்து ஒரு பெண் பி.ஏ. கணிதம் முடித்திருப்பாளா? நம்பும்படி இல்லையே. எட்டாவது என்று போடுங்களேன்” என்றார். கல்லுக்குள் இருக்கும் சாமி கனவில் வந்து தர்மகர்த்தாவிடம் பேசியதாக ஊர் ஊருக்குத் தலபுராணம் இருக்கிறது. அதை அவர் நம்புகிறார். வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் எந்த வருஷத்திலும் நம்ப முடியாதவள்தான். என்னையும் பாதிப் பேர் நம்புவதில்லை.

ஆகவே, பி.ஏ.தான். சேலத்தில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, உதவித்தொகையில் சென்னைக்குப் போய்ப் பட்டம் வாங்கி, இப்போது சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். சௌந்திரம் என்பதும் மிஷன் பள்ளியில் வைத்த பெயர்தான். வயது இருபத்திரண்டு. கண்ணாடி போட்டிருக்கிறாள், செருப்பு போட்டிருக்கிறாள். இந்த இரண்டில் எது அந்த ஊரை அதிகம் உறுத்தியது என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

3

சாவடியில் குமாஸ்தா சரவணமுத்து உட்கார்ந்திருந்தான். படம் பிடிக்க வருகிற கனவான்களுக்கு அனுமதிச் சீட்டு கிழித்துக் கொடுப்பது அவன் வேலை. மாதத்துக்கு ஒரு கனவான் வந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டுவான்.

சௌந்திரத்தைக் கண்டதும் அவனுக்கு ஒரு சங்கடம் வந்தது. எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டியைக்கூட “வாங்க சாமி” என்று கூப்பிடுவோம். ஆனால் வளவிலிருந்து வருகிறவர்களிடம் அந்த “ங்க” நாக்கிலேயே நின்றுவிடும். இவளோ வளவு, ஆனால் பி.ஏ.; கண்ணாடி. “வாங்க” என்றால் ஊர் சிரிக்கும், “வா” என்றால் இவள் என்ன செய்வாளோ தெரியாது. அவன் மைக்கூட்டைப் பார்த்துப் பேசினான்.

“வந்தது என்ன விசயமா?”

“படம் எடுக்கறதுக்கு அனுமதி வேணுங்க.”

“அப்புடியா. போர்டு படிச்சாச்சா?”

“படிச்சாச்சுங்க.”

“உக்காரலாம்னா… நாற்காலிக்கு ஒரு காலு ஆட்டம்.”

“நீங்க உக்காந்திருக்கறதும் ஆடுதுங்க” என்றாள் சௌந்திரம்.

(ஆடாத நாற்காலி ஒன்று மூலையில் இருந்தது. அது தர்மகர்த்தாவுக்கு. இதை எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை.)

சாவடிச் சுவரில் அறைந்திருந்த போர்டில் விதிகள் இப்படி இருந்தன. நான்தான் எழுதினேன், ஆனால் இப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று துண்டைப் போட்டுத் தாண்டிச் சத்தியம் செய்கிறேன்.

க. மேற்படி மண்டபத்தில் போட்டோ பிடிக்க விரும்பும் கனவான்கள் முன்னதாக அனுமதிச் சீட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டியது.

உ. தூண்களைத் தொடவோ, சாயவோ, அளக்கவோ கூடாது. குதிரைத்தூண் ஒன்பது அடி உயரமென்று ஏற்கெனவே ஸ்தாபிக்கப்பட்டிருக்கிறது.

ங. உயரம் காட்டும் பொருட்டு ஆள் நிறுத்த வேண்டுமாயின், தேவஸ்தானம் கொடுக்கும் ஆளையே நிறுத்த வேண்டியது.

ச. அப்படி நிற்கும் ஆள் போட்டோ சாமான்களில் சேர்ந்ததாகையால், கோயில் பிரவேசம் சம்பந்தமான கட்டுப்பாடு அதற்குப் பொருந்தாது.

‘அதற்கு’ என்றுதான் எழுதியிருந்தது.

சௌந்திரம் பையிலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு புத்தகக் கடையில், சேலம் ஜில்லாவின் காட்சிகள் என்று கட்டாக விற்ற அட்டைகளில் ஒன்று. குதிரைத்தூண், ஊமைக்கரடு, உயரம் ஒன்பது அடி. தூணுக்குப் பக்கத்தில், வெயில் படாத இடத்தில், கண்ணை அகல விரித்தபடி ஒரு பெண்.

“இது என்ற அம்மா” என்றாள். பிறகுதான் அந்தக் கோரிக்கை.

சரவணமுத்து மைக்கூட்டை விட்டுவிட்டு முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். அவனை அறியாமலேயே வாயிலிருந்து “ங்க” வந்துவிட்டது.

“ஏனுங்க, நல்லாத்தானே இருந்தீங்க?”

4

இப்போது 1924க்குப் போக வேண்டும். பின்னோக்கிப் போகிற இடத்தில் கதாசிரியர்கள் புகை விடுவார்கள். நான் விடப் போவதில்லை. சின்னாயியே சொல்லட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சௌந்திரம் அந்த அட்டையைக் கொண்டுபோய்க் காட்டியபோது சொன்னதுதான். சோளக்கதிர் கசக்கிக்கொண்டே சொன்னாள், நடுநடுவே சிரித்தாள்.

“அட, இது நாந்தே! பாரு, என்னமோ பேயைப் பாத்தாப்புடி நிக்கறேன். அன்னைக்கு ஒரு வெள்ளைக்காரத் தொறை வந்தான் சாமி. பொட்டியெல்லாம் கண்ணாடி. ஒடைஞ்சா உன்னையும் ஒடைச்சுப்போடுவேன்னு பண்ணாடி சொன்னாரு. அந்தப் பொட்டியை நாந்தே தலையில வெச்சுக் கரட்டு மேல ஏத்துனேன். நீ அப்ப அஞ்சு வயசு, கீழ மரத்தடியில உட்டுட்டுப் போனேன்.”

பண்ணாடி என்றால் நிலத்துக்காரர். மருதாசலம். கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் அவரேதான். சின்னாயி வேலை செய்வது அவர் காட்டில். அவள் குடிசை நிற்பது அவர் நிலத்தில்.

“தொறைக்குத் தூணு பக்கத்துல ஆளு நிக்கோணுமாம். பூசாரி மாட்டேன்னுட்டாரு, படம் புடிச்சா ஆயுசு கொறையுமாம். பண்ணாடி மாட்டேன்னுட்டாரு, காவக்காரனாட்டம் தூணோட நிக்கறதான்னு. மத்த ஆம்பளைகெல்லாம் அவுரு மொகத்தைப் பாத்தாங்க, அவுங்களும் மாட்டேன்னுட்டாங்க. தொறை என்னைப் பாத்துட்டு, இவளைக் கூப்புடுன்னான். நான் வாசப்படிக்கு வெளிய நிக்கறேன். எல்லாருக்கும் பேதி புடிச்சாப்புல ஆயிருச்சு.”

துரைக்கு இல்லை என்று சொல்ல முடியாது. சின்னாயியை உள்ளே விடவும் முடியாது. ஒரு நாழிகை கூடிக்கூடிப் பேசினார்கள். கடைசியில் மருதாசலம் வழி கண்டுபிடித்தார். கீழே அவர் வீட்டிலிருந்து இரண்டு மனைப்பலகைகள் வந்தன. ஒன்றின்மேல் ஒன்று போட்டால் அரையடி. வாசலிலிருந்து தூண்வரைக்கும் சாக்கு விரித்து, சாக்கு முடிகிற இடத்தில் பலகையை வைத்து, அதன்மேல் அவளை ஏற்றினார்கள். பாதம் கல்லில் படவில்லை. ஆகவே அவள் உள்ளே வரவில்லை.

“அப்பறம் பலகை படத்துல தெரியப்படாதுன்னு, சேலையை எறக்கி உடுடீன்னாரு பண்ணாடி. கேட்டியா சாமி? நம்ம சேலை கெண்டைக்காலுக்குக் கீழ எறங்குனா அடிக்க வர்றவுங்க, அன்னைக்கு எறக்கு எறக்குங்கறாங்க. இன்னுங் கொஞ்சம் எறக்குங்கறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிக்காதேன்னு தொறை கத்தறான்.”

படம் பிடித்து முடித்த பிறகு துரை அவளைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தி நாடாவால் அளந்தான். நாலரை அடி. படத்தில் தூண் அவளைப்போலச் சரியாக இரண்டு மடங்கு. நாலரையும் நாலரையும் ஒன்பது. எழுதிக்கொண்டு போய்விட்டான். பலகையைப்பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை. சேலைக்குள் பலகை இருக்கும் என்று நினைக்கிற அளவுக்கு அவன் நம்மைத் தெரிந்தவனும் இல்லை.

“மூணு தடவை புடிச்சான். மூணாவது தடவை பலகை ஆடிருச்சு.” சின்னாயி குரலைத் தாழ்த்தினாள். “காலு சறுக்கிக் கட்டைவெரலு கீழ பட்டுருச்சு. ஒரே ஒரு கணம். யாரும் பாக்கலே. சில்லுன்னு இருந்துச்சு சாமி. மாசி வெயிலு, வெளிய பாறை அப்புடிச் சுடுது, அது மட்டும் சில்லுன்னு. எத்தனையோ நாளு நெனைச்சுக்குவேன். யாருகிட்டயும் சொல்லிப்போடாதே. கல்லைக் கழுவறதுக்கு நம்மகிட்டயே தெண்டம் கேப்பாங்க. குடிசை அவுங்க எடத்துல இருக்குது.”

யாரிடமும் சொல்லாதே என்றாள். நான் அச்சிலேயே போட்டுவிட்டேன்.

அன்றுதான் சௌந்திரத்துக்கு அந்த ஆசை பிடித்தது. அம்மா ஒரு கணம் திருடித் தொட்ட கல்லில், இரண்டு பாதமும் ஊன்றி, நாலு பேர் பார்க்க அவள் நிற்க வேண்டும். அதற்கு ஒரு படம் இருக்க வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. சாமி கும்பிடக்கூட அவள் கேட்கவில்லை. சாமியோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

5

மருதாசலம் வந்தார். சத்தம் போடுகிற ஆளாக அவரைப் படைத்தால் எனக்கு வேலை மிச்சம். படிக்கிறவர்களும் சுலபமாக வெறுக்கலாம். ஆனால் அவர் சத்தம் போட மாட்டார். ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து, செல்லப்பெட்டியைத் திறந்து, வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, அதற்கப்புறம்தான் பேசினார்.

“ஏம்மிணி, பி.ஏ. படிச்சுப்போட்டயாமா. நம்மூருக்கு நொம்பப் பெருமை. ஆமா, என்னமோ கேட்டயாமா?”

சௌந்திரம் மறுபடியும் கேட்டாள்.

“அதென்ன பலகை? எனக்கொண்ணும் ஞாவகமில்லையே.”

“அப்பப் பலகை இல்லீங்களா?”

“இல்லே.”

“அப்ப எங்கம்மா வெறுங்கல்லு மேலதான் நின்னிருக்கறாளுங்க.”

வெற்றிலை பாதி வழியில் நின்றது. சரவணமுத்து தன் மைக்கூட்டுக்குள் விழுந்துவிடுவதுபோல் குனிந்தான்.

“இருந்துச்சு” என்றார் மருதாசலம். “இப்ப ஞாவகம் வந்துருச்சு. இருந்துச்சு. பாதமே படலே.”

“பலகை அரையடிங்க. எங்கம்மா நாலரையடி. படத்துல தலையிலிருந்து தரை வரைக்கும் அஞ்சடி. தூணு அதுக்கு ரெட்டிப்பு. பத்தடிங்க. போர்டுல ஒம்பதுன்னு போட்டிருக்குது.” கரும்பலகைக்கு முன்னால் நிற்பவள்போல அவள் நிதானமாகச் சொன்னாள். “பலகை இருந்துச்சுன்னா போர்டு பொய்யி. போர்டு நெசம்னா பலகை பொய்யி. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க, நான் போயிக்கறேன்.”

சரவணமுத்து விரலை மடக்கி மடக்கிப் பார்த்தான். அவன் முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஒரு மலர்ச்சி.

“ஏனுங்க! பக்கத்தூருப் பொன்னாங்கரட்டுத் தூணு ஒம்பதரைதானுங்களே! பதினேழு வருசமா அந்த ஊர்க்காரனுக நம்மளைப் பாத்து இளிக்கறானுக. தேர்த் திருவிழாவுல கூடச் சொல்லிச் சொல்லிக் காட்டறானுக. நாமதான் ஒசரமுங்க! அரையடி நாமதான் ஒசரம்!”

“சரவணா, வெளிய போய் மாடு ஏதாச்சும் மேயுதான்னு பாரு.”

“மாடு ஒண்ணும்…”

“பாரு.”

அவன் போனான். (போகிறவனை எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் கதையில் உண்மையைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவன்தான், காரணம்தான் கோணல்.)

மருதாசலம் சுண்ணாம்பைத் தடவி வெற்றிலையை மடித்தார்.

“பத்தடிதான் அம்மிணி. எனக்குத் தெரியாதா? வெள்ளையடிக்க ஏணி போட்டப்ப நானே கயித்துல அளந்தேன். அது ஆச்சு பதினாலு வருசம்.”

“அப்பறம் ஏனுங்க மாத்தலே?”

“மாத்துனா ஏன் மாத்துனேன்னு கேப்பான். அப்பறம் பலகையைச் சொல்லோணும். பலகையைச் சொன்னா அது மேல யாருன்னு சொல்லோணும். ஒம்பதுன்னு இருந்துட்டா யாரும் ஒண்ணுங் கேக்கறதில்லே பாரு.”

ஒரு சின்னாயியை ஒப்புக்கொள்வதைவிடச் சாமியின் தூணை ஓரடி வெட்டிக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இந்த வாக்கியத்தை நான் எழுதியிருக்க வேண்டியதில்லை, உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் எழுதும்போது கை சும்மா இருக்கவில்லை.

6

இந்த இடத்தில் சௌந்திரம் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்து நான் ஒரு காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மருதாசலம் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

“வார வியாழக்கெழமை மெட்ராசிலிருந்து படம் புடிக்கறவர் ஒருத்தர் வாரார். புதுப் புஸ்தகம் போடறாங்களாமா. நல்ல சமயத்துலதான் வந்திருக்கறே. உங்கம்மாளைக் கூட்டிட்டு வா. அதே தூணு, அதே எடம். இந்தத் தடவை பேரும் போடச் சொல்றேன். ‘சின்னாயி’ன்னு அச்சுல வரும். போதுமா?”

சௌந்திரம் திரும்பிச் சுவரில் இருந்த போர்டைப் பார்த்தாள்.

“அளவும் சரி பண்ணிப்போடலாம். ‘அரையடிப் பலகை மீது நிற்பவர் சின்னாயி, தூண் பத்தடி’. எல்லாமே நெசம். ஒரு பொய்யி கெடையாது. அந்தக் குடிசை இருக்கற நாலு செண்டையும் அவ பேருக்கே எழுதிக் குடுத்தர்றேன். பலகை மட்டும் இருக்கட்டும்.”

பாருங்கள், எவ்வளவு அழகான ஏற்பாடு. பெயர் கிடைக்கிறது, நிலம் கிடைக்கிறது, சாமிக்கு ஓரடி திரும்பக் கிடைக்கிறது, பொன்னாங்கரடு தோற்கிறது. முன்பு சேலைக்குள் மறைந்திருந்த பலகை, இனி பெயரோடும் அளவோடும், எத்தனை தலைமுறை புரட்டினாலும் அச்சில் நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம். நானாக இருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா என்று இரண்டு நாள் யோசித்தேன். பதிலை எழுத மாட்டேன்.

“கோயில்களைத் தொறந்து உடலாம்னு சட்டமே வந்துருச்சுங்க” என்றாள் சௌந்திரம். “ரெண்டு வருசமாச்சு.”

“உடலாம்னுதான் சட்டம். உடோணும்னு இல்லியே. நான் யோசனை பண்ணீட்டிருக்கறேன்.”

“பலகை மேல எங்கம்மா நிக்க மாட்டாளுங்க.”

“நெலம் வேண்டாமா?”

“சாமான்னுதானுங்களே போர்டுல போட்டிருக்கறீங்க. சாமானுக்கு எதுக்குங்க நெலம்?” அவள் அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். “உங்க தூணு ஒம்பதடியாவே நிக்கட்டும்.”

மருதாசலத்தின் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் கொஞ்சம் மாறியது.

“அப்பச் செரி. பங்குனி பொறக்கறதுக்குள்ள குடிசையைப் பிரிச்சுக்கச் சொல்லு உங்கம்மாகிட்ட.”

“பிரிச்சாச்சுங்க.”

“என்னது?”

“காத்தாலயே பிரிச்சாச்சு. எங்கம்மாளும் ரெண்டு பானையும் ஆட்டுக்குட்டியும் மொதப் பஸ்ஸுல சேலம் போயாச்சுங்க. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல ஊடு புடிச்சுப்போட்டேன். நீங்க செரின்னு சொல்லியிருந்தீங்கன்னா வியாழக்கெழமை கூட்டிட்டு வந்திருப்பேன். அதுக்காகத்தான் வந்தேன்.”

இது எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. காலையில் முதல் பஸ் போனபோது நான் இரண்டாவது தொடக்கத்தை அடித்துக்கொண்டிருந்தேன்.

7

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது: வியாழக்கிழமை படம் பிடிப்பவர் வருகிறார். ஆள் நிற்காமல் எடுக்க மாட்டேன் என்கிறார். பூசாரி மாட்டார். வளவில் வேறொரு பெண்ணைக் கூப்பிட்டால் அவளும் ஏதாவது கணக்குப் போடுவாளோ என்று பயம். கடைசியில் மருதாசலமே தூணோடு நிற்க வேண்டியதாகிறது. விதி நான்கின்படி அந்த நிமிஷத்திலிருந்து அவர் சாமான். படம் அட்டையாக அச்சாகி, செவ்வாய்ப்பேட்டையில் கட்டுக்கட்டாக விற்கிறது. குதிரைத்தூண், உயரம் பத்து அடி. பக்கத்தில் நிற்பவர் பெயர் இல்லை. இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. இவ்வளவு நியாயம் எங்கள் பக்கத்தில் நடந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது: சௌந்திரம் தொல்பொருள் இலாகாவுக்கு எழுதிப் போடுகிறாள். கணக்கு, வரைபடம், அளவு எல்லாம் சுத்தமாக, நாலு பக்கம். ஆறு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வருகிறது: விதி இரண்டைப் பார்க்கவும்.

மூன்றாவது: என்ன வேண்டும் என்று சின்னாயியை யாராவது கேட்டோமா? மகள் கேட்டாளா, நான் கேட்டேனா? ஒருவேளை புதன்கிழமை ராத்திரி அவள் ஆட்டுக்குட்டியை மகளிடம் விட்டுவிட்டுத் தானாகவே பஸ் ஏறி, வியாழன் காலை கரட்டு மேலே போய், சேலையை எவ்வளவு இறக்க வேண்டுமோ அவ்வளவு இறக்கி, தூணுக்குப் பக்கத்தில் போய்

இதற்குமேல் வரவில்லை.

இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு சாவடிக்கு ஓடினேன். சௌந்திரம் அதற்குள் படியிறங்கிவிட்டிருந்தாள்.

“கொஞ்சம் நில்லு. எது வேண்டும் என்று நீயே சொல்” என்றேன்.

அவள் நிற்கவில்லை. நடந்துகொண்டே கேட்டாள். “எங்கம்மா வெரலு பட்டுச்சுன்னு எழுதிப்போட்டீங்களா?”

“எழுதிவிட்டேன்.”

“யாருகிட்டயும் சொல்லாதேன்னுதானே அவ சொன்னா? அந்தாளுகிட்ட நான் அதைச் சொல்லியிருந்தா அங்கயே மயக்கம் போட்டு வுளுந்திருப்பாரு. சொல்லலே. அது எங்கம்மா வெரலு. உங்களுக்கு எதுக்குங்க அது?”

“கதைக்கு…”

“தொறை தூணு எத்தனை ஒசரம்னு காட்டறதுக்கு எங்கம்மாளை நிக்க வெச்சான். நீங்க உங்க கதை எத்தனை ஒசரம்னு காட்டறதுக்கு நிக்க வெக்கறீங்க.”

“நான் அவள் பெயரைப் போட்டிருக்கிறேனே!”

“தர்மகர்த்தாவும் போடறேன்னுதானுங்க சொன்னாரு.”

 அதற்குப் பதில் தெரிந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

என்ன செய்யப் போகிறாள் என்று மட்டும் கேட்டேன். அவள் முகத்தைப் பார்த்தால் எல்லாம் எப்போதோ முடிவாகிவிட்டது தெரிந்தது, வியாழக்கிழமைக்கும் சேர்த்து. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். செம்மண் ரோட்டில் ஏறி, மல்லசமுத்திரம் பக்கமாகத் திரும்பி, வெயிலில் நடந்தாள்.

நான் இங்கேயே நிற்கிறேன். முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் எழுந்து அவள் பின்னால் போய்க் கேட்டுக்கொள்ளலாம். நடை வேகம். கேமரா கொண்டு போகாதீர்கள்.